வில்லிவாக்கத்தைக் கடக்கும் சரக்கு ரயில் எங்கே போகிறது?

வில்லிவாக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. இரவில் நிலக்கரி ஏற்றிய வண்டிகள் மேற்கே போகின்றன, அதே மாதிரி வண்டிகள் காலியாகக் கிழக்கே வருகின்றன. நடுவில் கன்டெய்னர் வண்டிகள், எண்ணெய் டேங்கர்கள். இவை எங்கே கிளம்பி எங்கே சேர்கின்றன? சென்னையில் வேலை இல்லாத சரக்கு ரயில்கள் நகரை எப்படிச் சுற்றிப் போகின்றன? எந்த இடத்தில் ரயில்வேயின் ஒரு நிர்வாகக் கோட்டத்திடமிருந்து இன்னொரு கோட்டத்துக்குக் கைமாறுகின்றன? அதிகாரிகள் யாரையும் கேட்காமல், வெளியில் நின்று பார்க்கிற ஒருவர் இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பெருமளவுக்கு முடியும். பல வருடங்களாக ரயில் நிலைய நடைமேடைகளில் நின்று இதையே பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் நிலக்கரி வண்டி. அது பெரும்பாலும் மேட்டூர் அனல் மின்நிலையத்துக்குப் போகிறது. ஒடிசாவின் தால்ச்சேர் வட்டாரச் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பல் ஏறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. அந்தத் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டபோது அதன் முதல் வேலையே மின்வாரியத்தின் நிலக்கரியை இறக்குவதுதான். பக்கத்திலேயே இருக்கும் வடசென்னை அனல் மின்நிலையத்துக்குக் கன்வேயர் பட்டையிலேயே நிலக்கரி போய்விடும். மேட்டூருக்கு அப்படிப் போகாது. அத்திப்பட்டில் வேகனில் ஏற்றி, எண்ணூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று நகரின் வட விளிம்பை உரசிக்கொண்டு வந்து, உங்கள் வீட்டைக் கடந்து, அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஓமலூர் வழியாக மேட்டூர் அணை நிலையத்தில் சேர்க்க வேண்டும். நிறைவண்டி மேற்கே, காலி கிழக்கே என்று நீங்கள் பார்த்தது இதனால்தான். கடலோரத்தில் இறங்கும் சரக்கு உள்நாட்டுக்குப் போகிறது. வேகன் மட்டும் கடலோரத்துக்குத் திரும்புகிறது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சரக்கு ரயிலைத் தொடர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்குகிறார்கள். நான் சரக்கில் தொடங்கச் சொல்வேன். இந்தப் பொருள் எங்கே கிடைக்கிறது, யாருக்குத் தேவை என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதை தானாகவே வரைபடத்தில் தெரிய ஆரம்பிக்கும். எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பணிமனைப் பெயர் ஒருகாலத்தில் உதவியது. விஜயவாடா என்றால் கூடூர் பக்கத்திலிருந்து வந்தது, கிருஷ்ணராஜபுரம் என்றால் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். இப்போது மின்சார எஞ்சின்கள் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடுகின்றன. பணிமனைப் பெயர், அந்த எஞ்சின் எங்கே பராமரிக்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்லும். இன்று எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாது.

வேகனின் எண் அதைவிடச் சுவையானது, ஆனால் அதையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். அது பதினோரு இலக்கம். முதல் இரண்டும் வேகனின் வகை: 10 முதல் 29 வரை திறந்த வேகன், 30களில் மூடியது, 40களில் டேங்கர், 70களில் அடியில் திறந்து கொட்டும் ஹாப்பர், 85 முதல் 89 வரை பிரேக் வேன், அதாவது கடைசியில் கார்டு இருக்கும் பெட்டி. அடுத்த இரண்டும் எந்த ரயில்வேயின் சொத்து என்பதைக் காட்டும். தெற்கு ரயில்வே 06. அடுத்த இரண்டும் கட்டிய ஆண்டு. பிறகு வேகனுக்கே உரிய நான்கு இலக்கம். கடைசி ஒன்று, எண்ணைப் பதிவதில் பிழை நேர்ந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம். இதில் 06 என்று பார்த்தவுடன் நம்மூர் வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேகன்கள் நாடு முழுவதற்கும் பொதுவான கையிருப்பு. 06 என்று போட்ட வேகன் பஞ்சாபில் கோதுமை ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் சில ரேக்குகள், அதாவது ஒன்றாகக் கோத்த வேகன் வரிசைகள், கலையாமல் ஒரே கூட்டமாக ஓடுகின்றன. அவற்றின் பக்கவாட்டில், அவை பராமரிப்புக்குத் திரும்பும் தாய்நிலையத்தின் சுருக்க எழுத்துகளை வண்ணத்தில் எழுதியிருப்பார்கள். டி.என்.பி.எம். என்றால் தண்டையார்பேட்டை யார்டு, ஜே.டி.ஜே. என்றால் ஜோலார்பேட்டை. அது கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள், அது நம்பத்தக்க தடயம்.

நிறைவண்டியையும் காலி வண்டியையும் காதாலேயே பிரிக்கலாம். காலித் திறந்த வேகன் தகரப் பெட்டிபோலக் கடகடக்கும். நிலக்கரி நிறைந்த வேகன் வரும்போது சத்தம் தாழ்ந்து, நடைமேடையின் கல் அதிர்வது முதலில் காலுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால் சக்கரச் சட்டத்தின் சுருள் வில்கள் நன்றாக அமுங்கியிருப்பது தெரியும். ஒரு ரேக்கில் வழக்கமாக 58 அல்லது 59 வேகன். ஒவ்வொன்றும் பத்தே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எஞ்சினும் பிரேக் வேனும் சேர்ந்தால் மொத்தம் 650 மீட்டரைத் தாண்டும். சரக்கு வண்டியை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனின் நீளம் 686 மீட்டர் என்று ரயில்வே அளவு வைத்திருப்பதற்கும் இந்த நீளத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லூப்பில் அடங்காத வண்டியை வழியில் எங்கும் ஒதுக்க முடியாது. ஒதுக்க முடியாத வண்டிக்குப் பின்னால் பயணிகள் ரயில்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இனி முடிச்சுக்கு வருவோம். சென்னையின் சரக்குப் போக்குவரத்து முழுவதும் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் ஆகிய நான்கு இடங்களுக்கு நடுவே உள்ள சில கிலோமீட்டரில் கட்டுண்டு கிடக்கிறது. விமானத்திலிருந்து எடுத்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். வடக்கே கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் பாதை கொருக்குப்பேட்டையில் மூன்றாகப் பிரியும். ஒரு கிளை வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை நிலையத்துக்குப் போகிறது. இன்னொன்று பேசின் பிரிட்ஜ் வழியாகச் சென்ட்ரலுக்கு. மூன்றாவது சென்ட்ரலைத் தொடாமலேயே வியாசர்பாடியில் அரக்கோணம் பாதையைப் பிடிக்கிறது. அதேபோலக் கடற்கரையிலிருந்து வருகிற பாதையும் வண்ணாரப்பேட்டையில் பிரிந்து, வடக்கே கொருக்குப்பேட்டைக்கும் மேற்கே வியாசர்பாடிக்கும் போகிறது. கடற்கரையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையை விட்டதும் வண்டி வளைவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே உணரலாம். வடக்குக்கும் கேரளத்துக்கும் நடுவே ஓடும் சில விரைவு ரயில்கள் சென்ட்ரலுக்கு வராமல் பெரம்பூரில் நின்றுவிட்டுப் போவது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி வளைவின் தயவால்தான்.

வளைவை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சரக்கு ரயிலுக்குத் திசை திரும்புவது மிகப் பெரிய செலவு. முட்டும் நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, இன்னொரு தடத்தில் ஓட்டி, மறுமுனையில் கோத்து, வண்டி முழுவதும் பிரேக் காற்று சரியாகப் போகிறதா என்று மறுபடி சோதித்து, பிரேக் வேனையும் இடம் மாற்ற வேண்டும். அத்தனை நேரமும் ஒரு தடம் அடைபட்டுக் கிடக்கும். ஆகவே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், எஞ்சினைத் திருப்ப வேண்டாத பாதை இருந்தால், அது சற்று நீளமாக இருந்தாலும் அதையே எடுப்பார். எந்தச் சந்திப்பிலும் எந்த இரண்டு கிளைகள் வளைவால் நேரடியாக இணைந்திருக்கின்றன, எந்த இரண்டு இணையவில்லை என்று பார்த்துவிட்டாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

கூடூரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே விஜயவாடாவிலிருந்து வரும் வண்டி அங்கே திரும்பாமலேயே சென்னைக்கும் போகலாம், ரேணிகுண்டாவுக்கும் போகலாம். ஆனால் சென்னையிலிருந்து கூடூர் போய் அங்கிருந்து ரேணிகுண்டா போக எஞ்சினைத் திருப்பியாக வேண்டும். அதனால் அந்த வழியில் சென்னை வண்டியை எதிர்பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து ரேணிகுண்டா பக்கம் போகிற சரக்கு அரக்கோணம் வழியாகத்தான் போகும். மும்பை ரயில்களும் அந்த வழியேதான் போகின்றன. சென்னையிலிருந்து வடமேற்கே போட்ட பாதையும் மும்பையிலிருந்து வந்த பாதையும் 1871இல் ராய்ச்சூரில் சந்தித்த காலத்திலிருந்து இருக்கும் பழைய தடம் அது.

சென்னையில் இறக்கவோ ஏற்றவோ ஏதும் இல்லாத வண்டி இந்த முடிச்சுக்குள் வரவே கூடாது என்பதுதான் இயக்குபவர்களின் முதல் எண்ணம். வடக்கிலிருந்து கேரளத்துக்கோ கோவைக்கோ சேலத்துக்கோ போகும் சரக்கு கூடூரில் பிரிந்து, ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு வந்து, ஜோலார்பேட்டைப் பாதையில் ஏறிக்கொள்ளலாம். சென்னை எல்லையையே தொடாது. டெல்லி, திருவனந்தபுரம் கேரளா எக்ஸ்பிரஸ் போகும் வழி இது. இதன் குறை, திருப்பதிக்கும் காட்பாடிக்கும் நடுவே 104 கிலோமீட்டர் ஒற்றைத் தடமாக அமைந்தது. அதை இரட்டைத் தடமாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 1,332 கோடி ரூபாய். பெரும்பாலும் ஆந்திரத்துக்குள் போடப்படும் தடம்தானே என்று சென்னைவாசி கடந்துபோய்விடக் கூடாது. அங்கே இரண்டாம் தடம் வந்தால் பெரம்பூரில் நெரிசல் குறையும்.

இன்னும் வடக்கே ஒரு புறவழி 2019இல் திறந்தது. கிருஷ்ணபட்டினம் துறைமுகத்திலிருந்து வெங்கடாசலம் வழியாக ஓபுலவாரிபள்ளிக்குப் போகும் புதிய பாதை. வேலிகொண்டா மலையை ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்தால் குடைந்து போகிறது. துறைமுகத்திலிருந்து குண்டக்கல் பக்கம் போகும் வண்டிகள் முன்பு கூடூரையும் ரேணிகுண்டாவையும் அடைத்துக்கொண்டு போயின. இப்போது அவை இந்தச் சுரங்கம் வழியாக நேரே மேற்கே போய்விடலாம்.

தெற்கே உள்ள புறவழி அரக்கோணம், செங்கல்பட்டு பாதை. தக்கோலம், திருமால்பூர், காஞ்சிபுரம், வாலாஜாபாத் என்று நெல்வயலும் ஏரியுமாகப் போகும் ஒற்றைத் தடம். காட்பாடியிலிருந்து வரும் வண்டி அரக்கோணம் நிலையத்துக்குள் நுழையாமலேயே மேல்பாக்கத்தில் பிரிந்து தக்கோலம் பக்கம் போய்விட முடியும். இது இல்லாவிட்டால் மேற்கிலிருந்து செங்கல்பட்டு பக்கம் போகும் வண்டி பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, கடற்கரை, எழும்பூர், தாம்பரம் என்று நகரை ஒரு கொண்டை ஊசிபோலச் சுற்றி வர வேண்டும். அப்படிப் போகும் வண்டியும் உண்டு. ஆனால் மின்சார ரயில்கள் ஓய்ந்த இரவு நேரம்தான் அதற்குக் கிடைக்கும். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே மூன்றே தடங்கள் இருந்த காலத்தில் அங்கே ஒரு சரக்கு வண்டியை நுழைப்பது ஊசியில் நூல் கோப்பதுபோலத்தான். நான்காம் தடம் போடுவதற்காகப் பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை நிறுத்திவைத்தார்கள். அன்றாடம் அந்த வழியே போய்வந்தவர்கள் பட்ட சிரமம் பெரிது. நான்கே சொச்சம் கிலோமீட்டர் தடத்துக்கு இத்தனையா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஒரே கழுத்து அதுதான். அந்த வேலை செய்தே ஆக வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

வாலாஜாபாத்தைச் சொன்னேன். அங்கே ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் செய்த கார்களை ரயிலில் ஏற்றும் முக்கியமான இடம் அது. கார்கள் போகும் பெட்டிகளை உற்றுப் பார்த்தால் உங்களுக்குப் பழக்கமான உருவம் தெரியும்: ஆயுள் முடிந்த பயணிகள் பெட்டிகள். சன்னல்களை இரும்புத் தகட்டால் அடைத்து, உள்ளே இருக்கைகளை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளிலும் கதவு வைத்திருப்பார்கள். கார்கள் ஒரு முனையில் ஏறி, பெட்டிக்குப் பெட்டி நேராக ஓட்டிக்கொண்டே போய் வரிசையாக நிற்கும். பெட்டிக்கு ஐந்து கார், இருபத்தைந்து பெட்டி. ஆக 125 கார். 2020 இறுதியில் ஹூண்டாய் நிறுவனம் நேபாள எல்லையில் உள்ள நவுதன்வா நிலையத்துக்கு இங்கிருந்து முதன்முதலாக ரயிலில் அனுப்பியதும் சரியாக 125 கார்கள்தான். அந்தப் பெட்டிகளில் பல, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்தவை. பயணிகளைச் சுமந்து முடித்தபின் கார்களைச் சுமந்துகொண்டு சென்னையின் விளிம்பிலேயே வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நெகிழும். வடக்கே போகும் இந்த வண்டிகள் அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகவே போய்விட முடியும் என்பதால் வில்லிவாக்கத்தில் நீங்கள் அவற்றை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கன்டெய்னர் வண்டிகள் அப்படியல்ல, அவை உங்கள் வீட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தண்டையார்பேட்டை கன்டெய்னர் கிடங்கிலிருந்தும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுக்குப் போய்வருபவை அவற்றில் முக்கியமானவை. ஒரு வண்டியில் 45 தட்டையான வேகன், ஒவ்வொன்றிலும் இருபதடிப் பெட்டி இரண்டு. வியாசர்பாடி, அரக்கோணம், ஜோலார்பேட்டை, பங்காரப்பேட்டை வழி. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் வண்டிகளின் குணமே 2011இல் மாறியது. அதற்கு முன் பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்து இரும்புத் தாது, ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. நிலக்கரியும் அங்கே இறங்கியது. தூசியால் ராயபுரம் பகுதி மக்கள் படும் பாட்டை முன்வைத்து நடந்த வழக்கில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டதால் நிலக்கரியும் தாதுவும் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போயின. அந்த ஒரு தீர்ப்பால் நகரின் வட பகுதியில் நிலக்கரி வண்டிகளின் தொடக்கப் புள்ளியே எண்ணூருக்கு நகர்ந்துவிட்டது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு இன்றைய வண்டிகளைத் தொடர முயல்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் டேங்கர்கள் தண்டையார்பேட்டையிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் நிரம்பி அதே மேற்குப் பாதையில் வருகின்றன. 2025 ஜூலை 13ஆம் தேதி அதிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்தது நினைவிருக்கும். பதினெட்டு வேகன்கள் தீயில் போயின. அரக்கோணம் பாதையில் போக்குவரத்து முடங்கியது. எண்ணூர்ப் பக்கம் கிளம்பி ஜோலார்பேட்டை நோக்கிப் போன வண்டி அது. உங்கள் வில்லிவாக்கத்தையும் தாண்டித்தான் போயிருக்கும். அத்தனை மக்கள் குடியிருக்கும் பகுதி வழியாக எத்தகைய சரக்கு போகிறது என்பதை அன்று பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள். நகரைச் சுற்றி வேறு பாதை வேண்டும் என்று நான் சொல்லிவருவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

டேங்கர் என்றாலே எண்ணெய் என்றும் முடிவு கட்ட முடியாது. 2019 ஜூலை 12ஆம் தேதி வில்லிவாக்கத்தில் வந்து நின்ற ஐம்பது டேங்கர் வேகன்களில் இருந்தது காவிரித் தண்ணீர். ஏரிகள் வறண்டு சென்னை தவித்த கோடை அது. ஜோலார்பேட்டையில் நிரப்பி, இருநூறு கிலோமீட்டர் கொண்டுவந்து, வில்லிவாக்கத்தில் குழாய் பொருத்தி, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கூர்ந்து பார்ப்பவருக்கு அதிலும் தடயம் இருந்தது. நிறைந்த டேங்கர் கிழக்கே வருகிறது. வழக்கத்துக்கு நேர் எதிர்த் திசை. நிற்கும் இடமோ எண்ணெய்க் கிடங்கே இல்லாத வில்லிவாக்கம். சரக்கு, திசை, நிற்குமிடம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அங்கே புதிதாக ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

இனிக் கைமாறுதல். சென்னைக் கோட்டத்துக்கு வெளி உலகோடு சில வாசல்கள் உண்டு. வடக்கே கூடூர், அதற்கு அப்பால் விஜயவாடா கோட்டம். வடமேற்கே ரேணிகுண்டா, அங்கே குண்டக்கல் கோட்டம். மேற்கே ஜோலார்பேட்டை, அங்கே ஒரு கை சேலம் கோட்டத்துக்கும் மறு கை பெங்களூர்க் கோட்டத்துக்கும். தெற்கே விழுப்புரம், அங்கிருந்து திருச்சிக் கோட்டம். காட்பாடி ஒரு பக்க வாசல். பாகாலாப் பாதையில் குண்டக்கல் கோட்டமும், வேலூர், திருவண்ணாமலைப் பாதையில் திருச்சிக் கோட்டமும் அங்கே சந்திக்கின்றன. ரயில்வேயில் இவற்றை இன்டர்சேஞ்ச் பாயிண்ட் என்பார்கள். ஒவ்வொரு நாளும் எந்த வாசலில் எத்தனை வண்டி கொடுத்தோம், எத்தனை வாங்கினோம் என்று கட்டுப்பாட்டு அறைகள் கணக்கு வைக்கின்றன. வாங்குகிற பக்கம் யார்டு நிரம்பிவிட்டால் கொடுக்கிற பக்கம் வண்டியை முன்கூட்டியே லூப்பில் நிறுத்தும். சூலூர்பேட்டையிலோ பொன்னேரியிலோ காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் நிற்கும் சரக்கு வண்டி, பல நேரம் கூடூருக்கு அப்பால் இடம் கிடைப்பதற்காகக் காத்திருப்பதுதான்.

கைமாறும் இடத்தில் கண்ணால் பார்க்க என்ன இருக்கும் என்று கேட்டால், ஏமாற்றம்தான். எஞ்சின் மாறாது, வேகன் மாறாது. லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும் கைப்பெட்டியோடு இறங்குவார்கள், வேறு இருவர் ஏறுவார்கள். பின்னால் கார்டும் மாறுவார். அவ்வளவுதான். உண்மையிலேயே கை மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் அது துறைமுக வாசலில்தான் நடக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குச் சொந்த ரயில் தடங்களும் அவற்றில் வண்டியை நகர்த்தும் ஏற்பாடும் உண்டு. தெற்கு ரயில்வேயின் வண்டி பரிமாற்ற யார்டு வரை வரும். அங்கிருந்து உள்ளே கொண்டுபோய்த் தளங்களுக்குப் பிரிப்பது துறைமுகத்தின் பொறுப்பு. இதை நடைமேடையிலிருந்து பார்க்க முடியாது. துறைமுகம் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் அங்கே கேமராவோடு சுற்றவும் கூடாது.

அந்த வட்டாரத்தில் நின்று பார்க்க எனக்குப் பிடித்த இடம் ராயபுரம் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் வாலாஜாவுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். ஜார்ஜ் டவுன் வணிகர்களுக்கும் கடற்கரையில் இறங்கும் சரக்குக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் இந்த இடம் தேர்வாயிற்று. பயணிகள் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் போய்விட்டார்கள். சரக்கு மட்டும் இந்த இடத்தை விடவில்லை. பக்கத்தில் சால்ட் கோட்டர்ஸ் சரக்கு முனையம். பழைய உப்புக் கிடங்குகளின் பெயர் இன்றும் ரயில்வே ஆவணங்களில் உயிரோடு இருக்கிறது.

பாதையில் எங்கே அடைபடும் என்பதும் தெரிந்திருந்தால் வண்டி எப்போது வரும் என்று ஊகிக்கலாம். கொருக்குப்பேட்டையிலிருந்து அத்திப்பட்டு வரை கூடுதல் தடங்கள் உண்டு. அத்திப்பட்டுக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி வரை இரண்டே தடங்களில் மின்சார ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் எல்லாம் போக வேண்டும். 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு கவரைப்பேட்டையில் மைசூர், தர்பங்கா விரைவு ரயில் லூப் லைனில் நுழைந்து அங்கே நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியதும் இந்தப் பகுதியில்தான். விரைவு ரயிலுக்கு வழிவிட்டு சரக்கு வண்டி லூப்பில் நிற்பது அங்கே அன்றாடக் காட்சி. அதனால் பகலில் கும்மிடிப்பூண்டிப் பாதையில் நின்றால் ஓடும் சரக்கு வண்டியைவிட நிற்கும் சரக்கு வண்டியைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். எண் படிக்க அதுதான் வசதி.

சரக்கு அனுப்பும் வணிகருக்கு எஃப்.ஓ.ஐ.எஸ். என்ற ரயில்வேயின் கணினி முறையில் ஓர் எண் கிடைக்கும். அதை வைத்துத் தன் ரேக் எந்த நிலையத்தைத் தாண்டியது என்று அவர் பார்த்துக்கொள்ளலாம். அந்த எண் இல்லாத நமக்கு நோட்டுப் புத்தகம்தான் துணை. தேதி, நேரம், இடம், திசை, வேகன் வகை, நிறைவா காலியா, தாய்நிலையம் எழுதியிருந்தால் அது. இவ்வளவு போதும். ஒரு மாதம் விடாமல் குறித்தால் ஒரே ரேக் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்பது தெரியும். அந்த இடைவெளியே அது எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பதைச் சொல்லிவிடும். மேட்டூர் வண்டி சில நாட்களில் திரும்பிவிடும். வட இந்தியாவுக்குப் போனது அப்படித் திரும்பாது. நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு நடைமேடையிலேயே நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்கி நடப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியமாக, காலி வேகன்களின் கடகடப்பில் பக்கத்துத் தடத்தில் மின்சார ரயில் வருவது காதில் விழாது.

உங்கள் பாதையிலேயே அடுத்து கவனிக்க வேண்டியது கடம்பத்தூர். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில், ரயிலுக்கும் லாரிக்கும் நடுவே சரக்கு மாற்றும் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதற்கான ரயில் இணைப்பு கடம்பத்தூரிலிருந்து பிரிகிறது. அந்தத் தடம் இயங்க ஆரம்பித்தால் கன்டெய்னர் வண்டிகளில் ஒரு பகுதி கடம்பத்தூரில் திரும்பும். ஆனால் துறைமுகத்துக்கும் மப்பேட்டுக்கும் நடுவே ஓடும் வண்டி வில்லிவாக்கத்தைத் தாண்டாமல் போக முடியாது. உங்கள் வீட்டு வழியே அவை இன்னும் கூடத்தான் செய்யும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குப் போட வேண்டிய பாதையைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசிவருகிறார்கள். மேற்கிலிருந்து தெற்கே போகும் சரக்கு கடற்கரையைச் சுற்றாமல் போக அது ஒரு வழி. கடம்பத்தூரில் புதிய வளைவு எந்தப் பக்கம் பார்த்து அமைகிறது, சென்னையை நோக்கியா, அரக்கோணத்தை நோக்கியா, இரண்டையும் நோக்கியா என்பதை அந்த வழியே போகும்போது பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.